நீலப் பேனா தூங்கிய ஆறு நிமிடம்

அத்தியாயம் 7

வாசல் காவலாளி, மாப்பிள்ளையின் அனுமதிச் சீட்டில் இருந்த போட்டோவையும் அவன் முகத்தையும் மூன்று தடவை மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டோவுல கொஞ்சம் விவரமானவர் மாதிரி இருக்கீங்க."

"அது கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது," என்றான் மாப்பிள்ளை.

பக்கத்தில் நின்ற மாமா சிரிக்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவர் எப்படிச் சிரிப்பார்?

மாமா முப்பது வருடம் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் துப்பறியும் தொழிலில் இறங்கினார். இறங்கும்போது மகளின் கணவனையும் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். மூன்று வேலைகளில் நிலைக்காதவனுக்கு நான்காவதாக ஒன்று கிடைத்ததே என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். காரை ஓட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு போவதுதான் அந்த நான்காவது வேலை என்பது மாப்பிள்ளைக்கு மட்டுமே தெரியும்.

"மணி பதினொன்னு," என்றார் மாமா. "மூணு மணிக்கு விசாரணைக் கமிட்டி உக்காருது. அதுக்குள்ள ஒரு மனுஷன் தூங்கலைன்னு நிரூபிக்கணும், மாப்ள."

"தூங்கினான்னு நிரூபிக்கிறதுதான் மாமா ஈஸி. என் விஷயத்துல உங்க மகளே சாட்சி சொல்லுவா."

"சொன்னா. நேத்து போன்ல."

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் மதியம், இந்த மின்நிலையத்தின் பழைய அணு உலையில் உள்குழாய்கள் மூன்று உடைந்தன. அப்போது கன்ட்ரோல் ரூமில் இருந்த ஆபரேட்டர், அழுத்தம் விழுந்ததும் உலையை நிறுத்தாமல் ஆறு நிமிடம் தூங்கிவிட்டார் என்று குற்றச்சாட்டு. இன்று மாலைக்குள் அவருடைய உரிமம் போய்விடும். இருபத்தாறு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், இனி ஒரு தண்ணீர் பம்ப்பைக்கூடத் தொட முடியாது. அவருடைய மனைவிதான் மாமாவைத் தேடி வந்து சேர்ந்திருந்தார்.

நீளமான நடைபாதையில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் இவர்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் கதவைத் திறந்து வைத்திருந்து, இவர்கள் பக்கத்தில் வந்ததும் மூக்குக்கு நேராகச் சாத்தினார்.

"ஏன் மாமா, நாம என்ன கடன் வசூலிக்கவா வந்திருக்கோம்?"

"உலைக்குள்ள இருக்கிற தண்ணி மாதிரிதான் மாப்ள இங்க ஆளுங்களும். முந்நூறு டிகிரி சூடு. ஆனா கொதிக்காது. அவ்வளவு அழுத்தம் குடுத்து அமுக்கி வெச்சிருக்கு. அந்தச் சூட்டை ஆயிரக்கணக்கான ஒல்லிக் குழாய் வழியா வேற தண்ணிக்குக் கடத்துவாங்க. அந்த வேற தண்ணி ஆவியாகி டர்பைனைச் சுத்தும். ரெண்டு தண்ணியும் ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது."

"சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி."

"நடுவுல இருக்கிற குழாயோட தடிமன் ஒரு மில்லிமீட்டர்தான்."

"அதாவது நான்."

மாமா அதைக் கேட்காதது போல் நடந்தார். "இது முதல் தலைமுறை உலை. நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தைச்ச சட்டையைப் பிரிச்சுத் தரைக்குப் போட்டு விட்டது. அந்தக் குழாய் உலோகம் நாளாக நாளாக உள்ளுக்குள்ளயே விரிசல் விடும்னு அப்ப ஒருத்தருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரும் கிடையாது. என்ன நடந்துச்சுன்னு பேப்பர்ல பேனா கிறுக்கினாத்தான் உண்டு."

அந்தப் பேப்பரோடுதான் கன்ட்ரோல் ரூமில் துணை மேலாளர் காத்திருந்தார். உடுப்பில் ஒரு மடிப்பு கலையாத மனிதர். நாற்காலி இரண்டு காலியாக இருந்தும் உட்காரச் சொல்லவில்லை.

"பாருங்க. பாத்துட்டுக் கிளம்புங்க. எதையும் தொடாதீங்க."

சுவர் முழுக்க முள்ளும் விளக்குமாக ஆதிகாலத்து மீட்டர்கள். நடுவில் ஒரு சதுர ஓட்டை மட்டும் புதிதாக இருந்தது. வரைபடக் கருவி இருந்த இடம் அது. விபத்துக்குப் பிறகு கழற்றிக் கொண்டுபோய்விட்டார்களாம்.

துணை மேலாளர் மேஜைமேல் ஒரு தடித்த அட்டையை வைத்தார். அதில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு வரைபடத் துண்டு பளிச்சென்று ஒட்டப்பட்டிருந்தது. சிவப்பில் ஒரு கோடு, நீலத்தில் ஒரு கோடு.

"சிவப்பு, தண்ணியோட அழுத்தம். நீலம், உலையோட சக்தி. மதியம் ஒண்ணு பத்துக்குச் சிவப்பு விழுது. ஒண்ணு பதினாறுக்குத்தான் நீலம் விழுது. அதாவது அப்பத்தான் நிறுத்தற பட்டனை அமுக்கியிருக்கார். உடனே அமுக்கியிருந்தா ஒரு குழாயோட போயிருக்கும். ஆறு நிமிஷம் விட்டதால மூணாச்சு."

"அவர் டைரியில உடனே நிறுத்தினேன்னு எழுதியிருக்காரே?" என்றார் மாமா.

"தூங்கி எழுந்தவன் வேற என்ன எழுதுவான்?"

"அலாரம் டைப் அடிக்கிற மெஷின்?"

"ரிப்பன் சிக்கிக்கிச்சு. கூட இருந்தவர் அந்நேரம் டர்பைன் பக்கம் போயிருந்தார். இந்தப் பேப்பர் ஒண்ணுதான் சாட்சி. பேப்பர் பொய் சொல்லாது."

மாமா குனிந்து அட்டையை முகர்ந்து பார்த்தார். கோந்து வாசனை.

"நல்லா ஒட்டியிருக்கீங்க," என்றார்.

"கமிட்டி முன்னாடி வெக்கிற சாட்சியம். கசங்கக் கூடாதில்ல." துணை மேலாளர் கதவைத் திறந்து பிடித்தார். "வழி தெரியுமில்ல?"

*

ஊழியர் குடியிருப்பில், ஆபரேட்டர் வீட்டுக்கு எதிர்வீட்டு ஜன்னல் இவர்கள் படியேறும்போது சாத்திக்கொண்டது. பக்கத்து வீட்டு ஜன்னல் அதற்கும் முன்பே சாத்தியிருந்தது.

ஆபரேட்டர் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல் இருந்தது. மாமா கேட்பதற்கு முன் அவர் மனைவியே பேசினார்.

"மூணு வாரமா பொட்டுத் தூக்கம் இல்லை. எங்க தூங்கிடுவோமோன்னு ராத்திரி பூரா நின்னுக்கிட்டே இருக்கார். தூங்கினார்னு சொன்னவங்க வந்து பாக்கட்டும்."

"நீங்க அந்த வரைபடத்தைப் பாத்தீங்களா?" என்று மாமா அவரைக் கேட்டார்.

"கண்ணுல காட்டல. வாசிச்சுத்தான் சொன்னாங்க. அடுத்த நாளே உள்ள வரக் கூடாதுன்னுட்டாங்க." ஆபரேட்டரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மொதல்ல சண்டை போட்டேன் சார். இப்ப எனக்கே சந்தேகம். முந்தின நாள் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சும் மாத்த ஆள் வரல. பதினஞ்சு மணி நேரமா உக்காந்திருந்தேன். அலாரம் அடிச்சுது, கை போச்சு, பட்டனை அமுக்கினேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம். ஆனா நடுவுல ஆறு நிமிஷம் காணாமப் போயிருந்தா, அது போனது எனக்கு எப்படித் தெரியும்?"

மாப்பிள்ளைக்குச் சொல்வதற்கு ஒரு நகைச்சுவை தயாராக இருந்தது. அதை விழுங்கிக்கொண்டான்.

"இவர் தூங்கல," என்றார் மனைவி. "எல்லாம் எங்க அண்ணன் வேலை. இங்கதான் கருவி மெக்கானிக்கா இருக்கான். அந்தப் பேப்பரை வெட்டிக் குடுத்ததே அவன்தான்."

"அவருக்கும் இவருக்கும் ஆகாதா?"

"பதினோரு வருஷம் ஆச்சு. மெஷினைச் சரி பார்த்துட்டு ஒரு வால்வைத் திறக்காம வந்துட்டான். இவர் அதை டைரியில எழுதிட்டார். அவனுக்கு வர வேண்டிய புரொமோஷன் போச்சு. அன்னையிலேர்ந்து ஒரே தெருவுல இருந்தும் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறான். இந்த நாளுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கான்."

படியிறங்கும்போது மாப்பிள்ளை சொன்னான்: "கேஸ் முடிஞ்சுது மாமா. மச்சான்தான். குடும்பக் கதைன்னா குத்தவாளி எப்பவும் மச்சான்தான்."

"உங்க மச்சான் என் மகன். பாத்துப் பேசுங்க."

*

பழைய ஏடுகள் கிடந்த அறையில் விளக்கு ஒன்றே ஒன்று எரிந்தது. அந்த மாதத்து வரைபடச் சுருளை மாமா நீள மேஜையில் பிரித்துக்கொண்டே போக, மறுமுனையில் மாப்பிள்ளை சுருட்டிக்கொண்டே வந்தான். ஒரு நாளைக்கு அறுபது சென்டிமீட்டர் பேப்பர். சிவப்பும் நீலமும் அண்ணன் தம்பி போல் அருகருகே போயின.

"வெட்டி ஒட்டின அடையாளம் எங்கயும் இல்லை," என்றார் மாமா எரிச்சலாக. "கோடும் திருத்தினது இல்லை. பேப்பர் சுத்தம்."

மாப்பிள்ளைக்குக் கை வலித்தது. கை வலித்தால் அவனுக்கு வாய் திறக்கும்.

"மாமா, இந்த நீலப் பேனா என்னை மாதிரி."

"ஒழுகுதா?"

"லேட்டு. தினம் காலையில எட்டு மணிக்குச் சிவப்பு ஒரு துள்ளு துள்ளுது. நீலம் எட்டு ஆறுக்குத் துள்ளுது. இந்த நாளும் எட்டு ஆறு, அதுக்கு முந்தின நாளும் எட்டு ஆறு. ஒரு நாளாவது நேரத்துக்கு ஆபீஸ் வந்திருக்கான்னு பாருங்க."

மாமா சுருளைப் பிரிப்பதை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தத் துள்ளல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் ஒரு சின்னக் கையெழுத்து. மெக்கானிக் தினமும் காலையில் வந்து, பேனா மாட்டிக்கொள்ளாமல் நகர்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போடும் கையெழுத்து.

"மாப்ள," என்றார் மாமா மெதுவாக, "ரெண்டு பேனாவையும் ஒரே நேரத்துல தட்டினா, அடையாளம் ஏன் ஆறு நிமிஷம் தள்ளி விழணும்?"

"பேனா சோம்பேறியா இருக்கலாம்."

"ஒரே பேப்பர்ல குறுக்கும் நெடுக்கும் ஓடுற ரெண்டு பேனா. ஒரே கோட்டுல மாட்டினா என்ன ஆகும்?"

"இடிச்சுக்கும்." சொன்ன பிறகுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. "அதனால ஒண்ணை ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல மாட்டுவாங்க."

"ரெண்டரை மில்லிமீட்டர் மேல இருந்தாப் போதும். இந்தப் பேப்பர் ஓடுற வேகத்துல ரெண்டரை மில்லிமீட்டர்னா ஆறு நிமிஷம். நீலம் எது எழுதினாலும், நடந்ததுக்கு ஆறு நிமிஷம் கழிச்சு நடந்த மாதிரிதான் தெரியும். ஆபரேட்டர் ஒரு நிமிஷம்கூடத் தூங்கல. தூங்கினது பேனா." மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குச் சோறு போட்டதுக்கு இன்னிக்குத்தான் பலன்."

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. துண்டு வெட்டப்பட்ட இடத்துக்கு வந்ததும் சுருளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம், வெட்டிய விளிம்பில், ஒரு கையெழுத்தின் வால் மட்டும் இருந்தது. தலை இல்லை.

"பாதிக் கையெழுத்து," என்றான் மாப்பிள்ளை. "மீதி?"

"வெட்டிக் குடுத்த துண்டோட பின்பக்கம். வெட்டுறதுக்கு முன்னாடியே குறுக்கே போட்டிருக்கார், எந்தத் துண்டு எந்தச் சுருள்ல இருந்து வந்துச்சுன்னு தெரியறதுக்கு. சும்மா ஒரு கையெழுத்துக்காக யாரும் பேப்பரைத் திருப்ப மாட்டாங்க. கூட என்னவோ எழுதியிருக்கார்."

"அதை அட்டையில ஒட்டிட்டாங்களே."

"பாய்லர் பார்க்கப் போனா நான் ஒரே ஒரு வேலைதான் செய்வேன், மாப்ள. எங்க புதுசாப் பெயிண்ட் அடிச்சிருக்கானோ, அங்க சுரண்டுவேன்."

*

கருவிப் பட்டறையில் மெக்கானிக் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கழற்றிய வரைபடக் கருவி மேஜையில் பல துண்டாகப் பரந்து கிடந்தது. பேனாக்கள் இரண்டும் ஒரு கிண்ணத்தில் ஊறின.

"அய்யா, ஒரு விஷயம் கேக்கணும்," என்றார் மாமா.

"என் தங்கச்சி அனுப்பின ஆளுங்கதானே? போங்க."

"வரைபடத்துக்குப் பின்னாடி என்ன எழுதினீங்க?"

ஸ்க்ரூடிரைவர் ஒரு நொடி நின்று மறுபடி சுற்றியது. "பேப்பர் சரியான்னு கேட்டாங்க. சரின்னு சொன்னேன். கேக்காததை எழுதிக் குடுத்தேன். படிக்கத் தெரியாதவனுக்கு நான் டியூஷன் எடுக்கணுமா?"

"மூணு மணிக்கு வந்து சொல்லுங்களேன்."

"மூணு மணிக்கு வருவேன்." அவர் முதல் தடவையாகத் திரும்பினார். "அவன் தலை குனிஞ்சு நிக்கிறதைப் பாக்கறதுக்கு. வாயைத் திறக்கறதுக்கு இல்லை. வழியில நிக்காதீங்க, வெளிச்சம் மறைக்குது."

வெளியே வந்ததும் மாப்பிள்ளை முனகினான்: "இவர்கூட ஒப்பிட்டா நீங்க தேன் மாமா."

*

மூன்று மணி. விசாரணை அறையில் ஆபரேட்டர் ஒரு ஓரம், அவர் மனைவி அவருக்குப் பின்னால். கதவருகே கையைக் கட்டிக்கொண்டு மெக்கானிக். மேஜை நடுவில் அட்டை.

விசாரணைத் தலைவி மாமா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். சுருளில் இருந்த காலைத் துள்ளல்களை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு துணை மேலாளரைப் பார்த்தார்.

துணை மேலாளர் புன்னகைத்தார். "மேடம், பேனா இடைவெளின்னு கதை நல்லாத்தான் இருக்கு. கருவியைக் கழட்டிப் போட்டாச்சு, இனி எதையும் அளக்க முடியாது. இந்தத் துள்ளலுக்கு அர்த்தம் ரொம்பச் சின்னது. மெக்கானிக் காலையில வருவார், சிவப்பைத் தட்டுவார், வெளிய போய் ஒரு டீ குடிப்பார், வந்து நீலத்தைத் தட்டுவார். பழைய ஆளுங்க வேலை பாக்கற லட்சணம் அதுதானே."

கதவுப் பக்கம் கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

"யாரு டீ குடிக்கப் போனது?"

மெக்கானிக் மேஜை வரைக்கும் நடந்து வந்தார்.

"முப்பத்தி ரெண்டு வருஷம். ரெண்டு பேனாவையும் ஒரே விரலால, ஒரே தட்டு. ஒரு நாள்கூடத் தப்பினது இல்லை. என் வேலையைப் பத்தி இனி ஒரு வார்த்தை பேசினீங்கன்னா நல்லா இருக்காது."

"அப்ப அந்த ஆறு நிமிஷம்?" என்றார் தலைவி.

"இடைவெளி. எழுதிக் குடுத்திருக்கேன், பின்னாடி."

"அப்ப பிரிச்சுப் பாத்துடலாம்," என்றார் மாமா, ஓரத்தில் இருந்த தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலை எடுத்தபடி. "ஆவி காட்டினா கோந்து தானா விட்டுரும்."

"ஒரே சாட்சியத்தை அழிக்கப் பாக்கறாங்க," என்று துணை மேலாளர் எழுந்துவிட்டார். "அந்த மை தண்ணியில கரையும்."

"ஒழுங்கா ஒரு வார்த்தை சொன்னீங்க," என்றார் மெக்கானிக். மாமாவின் கையிலிருந்து கெட்டிலைப் பிடுங்கித் தள்ளி வைத்தார். "பாய்லர்க்காரன் புத்தி. எதுக்கெடுத்தாலும் ஆவி."

அவர் சட்டைப் பையிலிருந்து இடைவெளி அளக்கும் தகடுகளின் கொத்தை எடுத்து, அதில் இருப்பதிலேயே மெல்லிய தகட்டை விரித்தார். தலைவி தலையசைத்தார். தகடு அட்டைக்கும் பேப்பருக்கும் நடுவில் நுழைந்தது. தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பவர் மாதிரி அவர் அதை நகர்த்தினார்.

"நாலு ஓரத்துலதான் கோந்து," என்று அவர் முணுமுணுத்தார். "ஒட்டறதுலகூடச் சோம்பேறித்தனம்."

பேப்பர் விட்டது. திருப்பி வைத்தார். பின்பக்கத்தில் பென்சிலில், நாள், நேரம், ஒரு கையெழுத்தின் தலை. அதற்கு மேலே தெளிவாக: நீலப் பேனா 2½ மி.மீ. மேலே உள்ளது. நீலத்தின் நேரத்தில் 6 நிமிடம் கழித்துப் படிக்கவும்.

மாமா சுருளை நகர்த்தி அருகில் வைத்தார். தலையும் வாலும் சேர்ந்து ஒரே கையெழுத்தாயின.

"ஒண்ணு பதினாறுல ஆறு போனா ஒண்ணு பத்து," என்றார் தலைவி. "அழுத்தம் விழுந்த அதே நேரம் நிறுத்தியிருக்கார்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மூணு குழாயும் தாமதத்தால உடையல. ஒரே சமயத்துல உடைஞ்சிருக்கு. அந்தக் குழாய்ங்க ஏற்கெனவே எந்த நிலைமையில இருந்திருக்கணும்? போன வருஷம் குழாய் பரிசோதனை வேண்டாம்னு தள்ளி வெச்சது யாரு?"

துணை மேலாளரின் உடுப்பில் முதல் மடிப்பு கலைந்தது.

"இந்த அட்டையில ஒட்டினது யாருன்னு நான் கேக்கப் போறதில்லை," என்றார் மாமா. "கசங்கக் கூடாதுன்னு அவரே காலையில சொன்னார்."

தலைவி மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். "மூணு வாரம் தெரிஞ்சும் ஏன் பேசல நீங்க?"

"முன்பக்கம் மெஷினோடது மேடம். பின்பக்கம்தான் மனுஷனோடது. என் பக்கத்தை நான் ஒழுங்கா எழுதிட்டேன். அதுக்கு மேல இவனுக்காக வாயைத் திறக்க எனக்கு மனசு இல்லை." அவர் தங்கையின் கணவரைப் பார்க்காமலே சொன்னார்: "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இவன் என்னைப் பத்தி எழுதினதும் உண்மைதான். அதனாலதான் மன்னிக்க முடியல."

*

தீர்ப்பு எழுதும்வரை எல்லாரையும் வெளியே இருக்கச் சொன்னார்கள். உரிமத்துக்கு ஒன்றும் ஆகாது என்று தலைவி வாயாலேயே சொல்லிவிட்டார்; எழுத்தில் வர அரை மணி ஆகும்.

நடைபாதையில் அண்ணனும் தங்கையும் எதிரெதிராக நின்றார்கள்.

"அப்பவே சொல்லியிருந்தா இந்த மூணு வாரம் இவர் இப்படி ஆகியிருக்க மாட்டாரே," என்றார் அவர். "நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

"உன் புருஷனுக்காக வரல. பேப்பருக்காக வந்தேன். நன்றி கின்றின்னு வீட்டுப் பக்கம் வந்துராதீங்க."

"வரமாட்டோம். பயப்படாத."

சமாதானம் என்று ஒன்று வரும் என மாப்பிள்ளை எதிர்பார்த்துக் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்திருந்தான். அதை மறுபடி மடித்துப் பையில் வைத்தான்.

அப்போதுதான் கவனித்தார்கள். ஆபரேட்டர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தவாக்கிலேயே தூங்கிவிட்டார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, பதினைந்து மணி நேரமும் மூன்று வாரமும் சேர்ந்து அழுத்திய தூக்கம். விசாரணை அறைக் கதவுக்கு நேர் எதிரே.

"அய்யோ, யாராவது பாத்தா," என்று மனைவி பதறி அவர் தோளைத் தொடப் போனார்.

"விடு," என்றார் மெக்கானிக்.

அவர் போய்ப் பெஞ்சுக்கு முன்னால், கதவுக்கும் தூங்குகிறவருக்கும் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மைத்துனரின் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஆறு நிமிஷம் கழிச்சு எழுப்பு."